மான்செஸ்டரில் பார்க்க என்னதான் இருக்கிறது?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: மகளுக்கு மான்செஸ்டரில் பட்டமளிப்பு விழா, ஜூலையில் குடும்பத்தோடு வருகிறோம், விழா போக மூன்று நாள் கையில் இருக்கிறது. "அங்கே கால்பந்து மைதானத்தை விட்டால் என்ன இருக்கிறது, பேசாமல் லண்டன் போய்விடுங்கள்" என்கிறார்கள். அப்பாவும் வருகிறார். முப்பது வருடத்துக்கு மேல் நூல் மில்லில் வேலை பார்த்தவர், முழங்கால் வலி உண்டு. என்ன காட்டலாம்?

ஊரில் அழகான இடங்கள் உண்டா என்பது மேலுக்குத் தெரியும் கேள்வி. அப்பாவை மூன்று நாள் சலிப்பில்லாமல் வைத்திருக்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில் 'சுமார்தான்'. இரண்டாவதற்கு, தாராளமாக முடியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அதற்கேற்ப என் பேச்சை எடை போட்டுக்கொள்ளலாம். ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு இங்கே வந்தவன். வந்து பதினேழு வருடமாகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது எப்படியோ என் வார இறுதி வேலையாகிவிட்டது. ஆகவே பஞ்சு, நூல், மெஷின் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கால்பந்து, இசைக்குழுக்கள் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

இங்கே வருகிறவர்கள் ஏமாறுவதற்குக் காரணம், அரண்மனை, கோட்டை என்று தேடுவது. இந்த ஊரில் பார்க்கத் தகுந்தவை எல்லாம் வேலை நடந்த இடங்கள். கால்வாய், கிடங்கு, ஸ்டேஷன், ஆலை, பஞ்சு வியாபாரம் நடந்த கூடம், வேலை செய்தவர்கள் அடிபட்ட மைதானம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கட்டடம், அவ்வளவுதான். பஞ்சு போன வழியிலேயே போய்ப் பார்த்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். நகரின் நடுப்பகுதியில் இவற்றில் பெரும்பாலானவை நடந்தே போகிற தூரத்தில் இருப்பது உங்களுக்கு வசதி.

முதல் நாள் காசில்ஃபீல்டில் தொடங்குங்கள். ரோமானியர்கள் கி.பி. 79 வாக்கில் கோட்டை கட்டியது இங்கேதான். இப்போது நிற்கும் வாசல் பின்னாளில் திரும்பக் கட்டியது, அதைப் பார்த்துப் பரவசப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் தண்ணீர். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு வொர்ஸ்லியில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. குதிரை முதுகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவரும் கூலியே கரியின் விலையை ஏற்றிவிட்டது. அதற்காக அவர் வெட்டிய கால்வாய் 1761இல் திறந்தது. நகரத்தில் நிலக்கரி விலை பாதியாக இறங்கியது. பிறகு நீராவி எஞ்சின் வந்தபோது இந்த ஊரில் எரிபொருள் மலிவாகத் தயாராக இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படித்துறையில் நின்றால் காட்சியே வேறு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ரயில் பாலங்கள். அவற்றில் 1892இல் கட்டி, பிறகு கைவிட்ட இரும்புப் பாலம் ஒன்றை 2022இல் செடி கொடி வைத்து நடைபாதையாகத் திறந்திருக்கிறார்கள். நேரமிருந்தால் ஏறலாம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் லிவர்பூல் சாலை. அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இருக்கும் வளாகம்தான் உலகில் இன்றும் நிற்கும் பயணிகள் ரயில் நிலையங்களில் மிகப் பழையது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டபோது வந்து சேர்ந்த இடம். அந்தத் திறப்பு விழாவிலேயே வழியில் இறங்கி நின்ற எம்.பி. வில்லியம் ஹஸ்கிசன், 'ராக்கெட்' என்ற பெயர் கொண்ட ரயில் எஞ்சினில் அடிபட்டு இறந்துபோனார். ஸ்டேஷனின் தெருப்பக்கச் சுவரில், முதல் வகுப்பு வாசலுக்கு மேலே, ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. உலகத்தின் வேகத்தையே மாற்றிய இடத்தில் நிழலைப் பார்த்து மணி சொல்லும் கருவி! அப்போது ஊருக்கு ஊர் நேரம் வேறு. ரயில்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் எல்லா ஊருக்கும் ஒரே நேரம் வேண்டும் என்ற தேவையே வந்தது. இரண்டாம் வகுப்புக்கு வாசல் தனி, அதையும் கவனியுங்கள். பழைய கட்டடங்களில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டே இருப்பதால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிட்டுப் போங்கள். முகப்பைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது.

உள்ளே ஜவுளிக் கூடத்துக்கு நேராகப் போங்கள். குறிப்பிட்ட நேரத்தில் மெஷின்களை ஓட்டிக் காட்டுவார்கள். அந்த நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது முக்கியம், நின்றுகிடக்கும் மெஷினைப் பார்ப்பதில் சுவாரஸ்யம் இல்லை. என் மாமனாரை அழைத்துப் போயிருந்தேன். அவரும் மில்காரர்தான். காலையிலிருந்து எதைக் காட்டினாலும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் மெஷின் ஓட ஆரம்பித்து, ஓர் இழை அறுந்து, ஓட்டிக் காட்டிய பெண் அதைப் பிடித்து ஒட்டினார். திரும்பிப் பார்த்தால், கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த மாமனாரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றில் அதே முறுக்கைப் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் அவர் பேச, நான் மொழிபெயர்க்க, அந்தப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்க, மதியச் சாப்பாடு தவறிப்போனது.

உங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்து மில்களில் பழைய மெஷின்கள் சில மிச்சமிருந்திருக்கும். அவற்றின் வார்ப்பிரும்பில் ஓல்டாம், அக்ரிங்டன் என்று ஊர்ப்பெயர் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ் ஒருகாலத்தில் உலகத்திலேயே பெரிய ஜவுளி இயந்திர நிறுவனம், இந்தியாவுக்கு ஏராளமாக அனுப்பினார்கள். கோவைக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர் சூட்டியாயிற்று. அசல் மான்செஸ்டரில் நூற்பு எப்போதோ நின்றுவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 'மழை ஊர், காற்றில் ஈரம், அதனால்தான் பஞ்சுத் தொழில் இங்கே வந்தது' என்று எந்த வழிகாட்டியும் சொல்வார். ஈரப்பதம் குறைந்தால் இழை அறும் என்பது உண்மை. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (ஆலைக் காற்றில் ஈரம் சேர்க்கும் இயந்திரம்) நின்றுபோன ஷிப்டைப் பார்த்த எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஈரக்காற்று மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்பதில்லை. மான்செஸ்டரைச் சுற்றியிருக்கும் லங்காஷயர் பகுதியில் பஞ்சு வருவதற்கு முன்பே லினன், கம்பளி நெசவு இருந்தது, கை பழகியவர்கள் இருந்தார்கள். பென்னைன் மலையிலிருந்து ஓடி வரும் ஓடைகள், பக்கத்திலேயே நிலக்கரி, பஞ்சு வந்திறங்க லிவர்பூல் துறைமுகம், எல்லாம் சேர்ந்து நடந்தது. மழை விஷயத்தில் இன்னொன்று: ஓர் ஆண்டில் இங்கே பெய்வது சென்னையில் பெய்வதைவிடக் குறைவு. நமக்கு இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை இவர்களுக்கு வருடம் முழுக்கத் தூறித் தீர்க்கிறது.

இரண்டாம் நாள் காலை ஆன்கோட்ஸ். ரோச்டேல் கால்வாய் ஓரமாக நிற்கும் மரேஸ் மில்ஸில் மிகப் பழைய கட்டடம் 1798இல் எழுந்தது. ஆடம், ஜார்ஜ் மரே என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் நடத்தியது. நீராவியால் ஓடிய நூற்பாலைகளில் இன்றும் நிற்பவற்றில் இதுதான் பழையது என்கிறார்கள். ஆலை முற்றத்துக்குள்ளேயே படகு வந்து கரியும் பஞ்சும் இறக்க, கால்வாயிலிருந்து சுரங்கவழி வெட்டியிருந்தார்கள். இப்போது உள்ளே அடுக்குமாடிக் குடியிருப்பு, சுற்றிலும் காபிக் கடைகள். கார்ல் மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் 1842இல் தன் அப்பாவின் பஞ்சு நிறுவனத்தில் வேலை பழக இந்த ஊருக்கு வந்து, தொழிலாளர் குடியிருப்புகளின் நாற்றத்தையும் நெரிசலையும் எழுதி வைத்தார். அந்தத் தெருக்களில் இன்று ஒரு வீட்டின் விலையைக் கேட்டால் அவரே மறுபடி பேனாவை எடுப்பார். உள்ளே போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. கால்வாய்ப் பாதையில் நின்று அந்தச் சுவரை அண்ணாந்து பார்ப்பதுதான். அரை மணி போதும்.

ராயல் எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டாயம் போங்கள். இதுதான் லங்காஷயரின் நூலும் துணியும் கைமாறிய கூடம். உச்ச காலத்தில் உறுப்பினர்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். 1968 கடைசியில் வியாபாரம் நின்றது. அன்றைய கடைசி விலைகள் உயரத்தில் இருக்கும் பலகையில் அப்படியே இருக்கின்றன, யாரும் மாற்றவில்லை. கூடத்தின் நடுவே 1976இல் ஒரு நாடக அரங்கைப் பொருத்தினார்கள். கண்ணாடியும் இரும்புக் குழாயுமாக, ஏதோ விண்கலம் வந்து இறங்கியதுபோல இருக்கும். நூற்றைம்பது டன் எடையைத் தரை தாங்காது என்பதால் நான்கு பெரிய தூண்களிலிருந்து அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாடகம் பார்க்க வேண்டுமென்றில்லை. பகலில் திறந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளே போய், ஓரமாக உட்கார்ந்து அந்தப் பலகையை அப்பாவுக்குக் காட்டுங்கள். பஞ்சு விலையைத் தினமும் பார்த்தவருக்கு அதன் முன்னால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் இடம் லிங்கன் சதுக்கம், சில நிமிட நடை. இங்கிலாந்தின் நடுவில் ஆபிரகாம் லிங்கனுக்கு என்ன சிலை என்று தோன்றும். இந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்து, வடக்கு கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் இங்கே ஆலைகள் நின்றன, லட்சக்கணக்கானோர் பட்டினி. அப்படியும் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் ஒன்று 1862 கடைசி நாளில் கூடி, அடிமை முறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 1863 ஜனவரியில் அவர் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தின் வாசகம்தான் பீடத்தில் இருக்கிறது. எல்லாத் தொழிலாளரும் அப்படியே நினைத்தார்கள் என்று சொல்வது மிகை. தென்மாநிலங்களை ஆதரித்தவர்களும் லங்காஷயரில் இருந்தார்கள். அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து சூரத் பஞ்சு வந்து குவிந்தது. குட்டை இழை, தூசி, விதை, ஓயாமல் அறுபடும். செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால் அறுபட அறுபடக் கூலி குறையும். 'ஆண்டவனே பஞ்சு அனுப்பு, ஆனால் சூரத் பஞ்சு வேண்டாம்' என்று ஒருவர் ஜெபம் செய்ததாகக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, குட்டை இழையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது.

பஞ்சில் வந்த பணம் எங்கே போனது என்றால், டீன்ஸ்கேட்டில் இருக்கும் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தைக் காட்டுவேன். 17 ஆலைகளும் 15,000 தொழிலாளர்களும் வைத்திருந்த வியாபாரி ரைலண்ட்ஸ். அவர் 1888இல் இறந்ததும், கியூபாவில் பிறந்த மனைவி என்ரிகெட்டா அவர் நினைவாகக் கட்டினார். 1900 ஜனவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. பார்த்தால் பழைய தேவாலயம் என்பீர்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே மின்விளக்கு. ஊரின் புகை புத்தகங்களைக் கெடுக்காமலிருக்க, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஏற்பாடு. புகை யாருடைய ஆலைகளிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே யோவான் சுவிசேஷத்தின் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்று இருக்கிறது, சீட்டுக்கட்டின் ஒரு சீட்டளவு. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய துண்டு, இரண்டாம் நூற்றாண்டு என்று பரவலாகச் சொல்வார்கள். எழுத்தின் வடிவத்தை வைத்துக் கணித்த காலம் அது என்பதால், இன்னும் பிந்தையதாக இருக்கலாம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நுழைவு இலவசம்.

புத்தகத்தில் ஆர்வமிருந்தால் செத்தம்ஸ் நூலகமும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் 1421ஆம் ஆண்டு காலத்தது, நூலகம் 1653 முதல். ஜன்னலோரத்தில் ஒரு சின்ன ஒதுக்கிடம் இருக்கிறது. 1845 கோடையில் மார்க்ஸும் ஏங்கெல்ஸும் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், கட்டணம் உண்டு, முன்பதிவு செய்யுங்கள். நகர மண்டபத்தை 2018இல் பெரிய பழுதுபார்ப்புக்காக மூடினார்கள். பயணத் தளங்கள் சில அதை இன்னும் 'அவசியம் பாருங்கள்' பட்டியலில் வைத்திருக்கின்றன, தேதியைச் சரிபாருங்கள்.

அப்புறம் புனித பீட்டர் சதுக்கம். 1819 ஆகஸ்ட் 16 அன்று இந்தப் பக்கத்தில்தான் சுமார் அறுபதாயிரம் பேர் வாக்குரிமை கேட்டுக் கூடினார்கள். இவ்வளவு பெரிய ஊருக்கு அப்போது நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. குடும்பம் குடும்பமாக, நல்ல உடை உடுத்தி வந்த கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் பெயரைக் கேலியாகத் திருப்பி 'பீட்டர்லூ' என்று பெயர் வந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் 15 முதல் 18 வரை எண்ணிக்கை மாறும். 2019இல் வைத்த நினைவிடத்தில் 18 பேர். வட்ட வட்டமான கல் படிகள், பக்கங்களில் மக்கள் நடந்து வந்த ஊர்களின் பெயர்கள். மேலே ஏறச் சாய்வுதளம் வைக்கவில்லை என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அப்பா கீழே நின்றே பெயர்களைப் படிக்கலாம்.

கார்ப்பரேஷன் தெருவில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி நிற்கும், போகிற போக்கில் பாருங்கள். 1996 ஜூன் 15 அன்று ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த 1,500 கிலோ குண்டு இந்தத் தெருவையே பெயர்த்துப் போட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்து ஆட்களை வெளியேற்றியதால் யாரும் சாகவில்லை, இருநூறு பேருக்கு மேல் காயம். சில அடி தூரத்தில் இருந்த தபால் பெட்டி மட்டும் அப்படியே நின்றது.

மூன்றாம் நாளை முழுதாகக் குவாரி பேங்க் ஆலைக்குக் கொடுங்கள். ஸ்டையல் என்ற கிராமத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1784இல் சாமுவேல் கிரெக் கட்டிய நூற்பாலை, தண்ணீர்ச் சக்கரத்தோடு. பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்துகிறது, கட்டணம் கொஞ்சம் அதிகம், ஆனால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. தறி ஓடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது. ஒரே ஒரு தறிக்கே இப்படி. இந்தச் சத்தத்தில்தான் நெசவுக்காரப் பெண்கள் உதட்டை அகல அசைத்துப் பேசிக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். மியூல் என்ற நூற்பு மெஷினின் வண்டி வெளியே வந்து இழையை நீட்டி முறுக்கி, திரும்பப் போய்ச் சுற்றும். அது திரும்புவதற்குள் அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைத் துடைத்தவர்கள் குழந்தைகள். ஏழைகளுக்கான பணி விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்த சுமார் தொண்ணூறு பேரை வைத்திருந்த வீடு தனியாக இருக்கிறது. கிரெக் மற்ற முதலாளிகளைவிட நல்லவர் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அவர் குடும்பத்துக்கு டொமினிக்காவில் அடிமைகள் வேலை செய்த தோட்டமும் இருந்தது. இரண்டையும் அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் கால்பந்து கேட்டு அடம்பிடித்தால் ஒரு அரைநாளை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் நியூட்டன் ஹீத் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி என்பதுவரைதான் எனக்குத் தெரியும்.

முழங்காலுக்கு வருவோம். நகர் நடுவில் இலவசப் பேருந்து ஓடுகிறது. டிராமில் நடைமேடையும் வண்டியும் ஒரே மட்டத்தில் இருப்பதால் படி ஏற வேண்டாம். காசில்ஃபீல்டில் கால்வாயோரம் பழைய கருங்கல் பாவிய தரை, ஈரத்தில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ரப்பர் அடி வைத்த ஷூ போடச் சொல்லுங்கள். குவாரி பேங்கில் ஆலை ஆற்றுப் பள்ளத்தில் இருக்கிறது. போகும்போது இறக்கம், சிரமம் தெரியாது, திரும்பும்போதுதான் ஏற்றம் காலைப் பிடிக்கும். நுழைவிடத்திலேயே முழங்காலைச் சொல்லி வண்டி வசதி கிடைக்குமா என்று கேளுங்கள். ஆலைக்குள் மாடி மாடியாக ஏற வேண்டும், ஆகவே காலை முதல் வேளையில் போய், மெஷின் ஓடும் தளத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டால் அவசரப்படுத்த வேண்டாம், நீங்கள் போய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.